கழுவாத திராட்சை

என் வீட்டில் திராட்சை வாங்கினால் ஒரு சடங்கு உண்டு. முதலில் குழாயடியில் ஒரு கழுவல். பிறகு உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறல். மறுபடி இரண்டு கழுவல். அதற்கும் மேல் ஒவ்வொரு பழமாக எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "பழத்துக்கு ஞானஸ்நானம் முடிஞ்சுதா, சாப்பிடலாமா?" என்று என் கணவர் கேட்பார். பிள்ளைகள் திராட்சை தின்பதையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வாழைப்பழம் பிடிக்கும், உரித்துவிட்டால் வேலை முடிந்தது.

அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டு, மாத்திரை டப்பாவில் திங்கள் செவ்வாய் பார்த்து விழுங்கிக்கொண்டிருக்கும் என் வயதுத் தோழர்களே, உங்களிடம் இதன் காரணத்தைச் சொல்லலாம். நீங்கள் திருவொற்றியூருக்கு வடக்கே வளர்ந்தவர்கள் என்றால் பாதி சொன்னாலே போதும். வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டுச் சாம்பல் நிறச் சட்டையை எடுத்தவர்கள் நீங்கள். மொட்டைமாடியில் வடகம் பிழியாத தாய்மார்களின் பிள்ளைகள்.

எங்கள் வீடு எண்ணூரில், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு ஒதுக்கிய வரிசையில் இருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய், மிச்ச இடமெல்லாம் கம்பெனிகள். கம்பெனிகளுக்குப் பெயர் வேண்டாம். எல்லாப் புகைபோக்கிகளுக்கும் எங்கள் கூரைதான் விலாசம். காற்று எந்தத் திசை என்பதை நாங்கள் மூக்கால் சொல்லுவோம். அழுகிய முட்டை அடித்தால் மணலிப் பக்கம். கருவாடு அடித்தால் கடற்கரைப் பக்கம். கால்வாயின் சேற்று நாற்றத்துக்குத் திசை கிடையாது, அது எங்களோடு சேர்ந்து படுத்து எழுந்திருக்கும். இந்த வட்டாரத்தைத்தான் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் பெரியப்பா திராட்சை மது விளையும் பிரதேசமாக மாற்றப் பார்த்தார்.

நான் இங்கே வந்தபிறகு பிறந்தவள். கப்பல் எனக்குக் கேள்விஞானம். ஆளுக்கு இவ்வளவுதான் சாமான் என்று கட்டுப்பாடாம், காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்களாம். அப்படிப்பட்ட கப்பலில் மூன்று குடும்பங்கள் தங்கள் சாமானோடு திராட்சைக் குச்சிகளை ஏற்றிக்கொண்டு வந்தன. மேல் பர்மாவின் வறண்ட பூமியில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கோவில் கட்டி, தன் ஊரிலிருந்து திராட்சைக் கொடி கொண்டுவந்து நட்டிருந்தார். பிரான்சோ இத்தாலியோ, அதில் எங்கள் வீட்டில் கடைசிவரை கருத்து வேற்றுமை உண்டு. அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவைதாம் அந்த மூன்று குடும்பங்களும்.

ஐரோப்பாவிலிருந்து பர்மா, பர்மாவிலிருந்து எண்ணூர். ஒரு செடிக்கு இதைவிடப் பெரிய இறக்கம் இருக்க முடியாது. ஒரு குடும்பத்தின் குச்சியை இறங்கிய வாரமே ஆடு தின்றது. இன்னொன்றைக் கால்வாய்க் கரையின் உப்பு மண்ணில் நட்டார்கள். அது பத்து நாள் யோசித்துவிட்டுச் செத்தது. பிழைத்தது பெரியப்பாவினுடையது மட்டும். ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தனக்குக் கொடுத்த குடிதண்ணீரை அதற்கு ஊற்றிக்கொண்டு வந்தாராம். அந்த மூட்டைக்கு இடம் வேண்டும் என்று அம்மாவின் தையல் மெஷின் ரங்கூன் துறைமுகத்திலேயே நின்றுபோனது. அம்மா அந்தக் கொடியை ஒருநாளும் கொடி என்று சொன்னதில்லை. "என் மெஷினு" என்பாள். "பாப்பா, என் மெஷினுல நாலு இலை விட்டிருக்குது பாரு."

பெரியப்பா அதை விளையாட்டுக்குக் கொண்டுவரவில்லை. பெரியம்மாவை அந்தத் தோட்டத்து வேலியோரம்தான் புதைத்திருந்தார்கள். ஒரே மகனைச் சாமிக்குக் கொடுப்பது என்பது பெரியம்மாவின் நேர்ச்சை. அவன் சாமியாராகி வைக்கும் முதல் பூசையில், பாத்திரத்தில் ஊற்றுவது இந்தக் கொடியின் ரசமாகத்தான் இருக்கும் என்பது குழிமேட்டில் நின்று பெரியப்பா கொடுத்த வாக்கு. அந்த மகனை நான் அண்ணன் என்பேன். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அண்ணனுக்குக் குருப்பட்டம் என்று கடிதம் வந்தது. ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலில் முதல் பூசை. பெரியப்பா கடிதத்தைப் படித்துவிட்டு நேரே போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

கொடி செழிப்பாகத்தான் இருந்தது. அது செழித்த விதத்தைச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவீர்கள்.

அடுத்த குப்பத்தில் ஒரு மீன்கார அக்கா. கிழிந்துபோன நைலான் வலைகளைக் கொடுத்து எங்கள் பந்தலைக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். தினமும் வியாபாரம் முடிந்ததும் அலுமினியத் தேக்சாவோடு வந்து நிற்பாள். உள்ளே மீன் கழுவிய தண்ணீர், அதில் மிதக்கும் சமாச்சாரங்கள்.

"இந்தா பெரியவரே, சூரை குடலு கீது, வஞ்சரம் செவுளு கீது. ஊத்திக்கோ. எங்கூட்டு ஆளுக்குக்கூட நான் இவ்ளோ துன்னக் குடுக்கல."

திராட்சைக்கு மீன் கழிவு நல்லது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். பெரியப்பாவுக்கு அளவு கிடையாது. வேரைச் சுற்றிப் பாத்தி கட்டி, அதில் குடலும் செவுளுமாகக் கொட்டி, மேலே மெல்லிசாக மண் தூவுவார். இரண்டாம் நாள் அந்த மண் தானாக அசையும். மூன்றாம் நாள் அசைவது மண் இல்லை என்று தெரியும். பந்தலுக்குக் கீழே பூனைகள் மாநாடு. ஈக்கள் சோற்றுக்கும் பாத்திக்கும் ஷிப்டு போட்டுப் பறந்தன.

அம்மா அவரோடு நேரே பேசுவதில்லை. கணவனின் அண்ணன் என்ற மரியாதை ஒரு காரணம், மெஷின் இன்னொன்று. இருவரும் பேசவேண்டியது என் வழியாகப் போகும், அவர்கள் நான்கடி இடைவெளியில் நின்றிருந்தாலும்.

"பாப்பா, உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, வாசல்ல புழு நெளியுதுன்னு."

"பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, புழு இருந்தாத்தான் மண்ணுக்கு உசுருன்னு."

"சாமியோட ரத்தத்துக்கு சூரைக் குடலான்னு கேளு."

"சாமி கூட்டாளிங்க பாதிப்பேரு மீன்காரங்கதான்னு சொல்லு."

நான் யாருக்கும் எதையும் சொல்லமாட்டேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவேன். என் அப்பா ஹார்பரில் ஷிப்டு பார்த்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கினார். குடும்பத்திலேயே புத்திசாலி அவர்தான் என்று இப்போது படுகிறது.

எங்கள் கோவிலின் பங்குச் சாமியாரிடம் பெரியப்பா அனுமதி கேட்டார். சாமியார் ஒருநாள் கொடியைப் பார்க்கவே வந்துவிட்டார். பந்தலுக்குக் கீழே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பேசுவதற்காகக் கையை எடுப்பதும் உடனே பொத்துவதுமாகத் தவித்தார்.

"பெரியவரே, சட்டம் உங்களுக்கே தெரியும். திராட்சை மட்டும்தான் இருக்கணும். வீட்டு ஒயின்ல போடுற மாதிரி சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எதுவும் சேரக்கூடாது. வெளியில இருந்து ஒரு சிட்டிகை எது சேர்ந்தாலும் பூசைக்கு ஆகாது."

"ஒரு சிட்டிகை சேராது சாமி" என்றார் பெரியப்பா. நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அந்தக் கையின் நகக்கண்களில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா வேலை பார்த்தது ஒரு கரண்ட் கம்பெனியின் சாம்பல் பிரிவில். நிலக்கரி எரிந்த மிச்சத்தைத் தண்ணீரோடு கலந்து குழாயில் தள்ளிவிடுகிற இடம். குழாய் அடைத்துக்கொண்டால் கம்பியோடு இறங்கிக் குத்திவிட வேண்டும். சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போது புருவம், இமை, காதுமடலின் முடி எல்லாம் நரைத்திருக்கும். குளித்தால் இளமை திரும்பும். குளித்த தண்ணீர் வாசலில் ஓடி, காய்ந்தபிறகு சாம்பல் நிற வரைபடம் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். சாம்பலில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, காதருகே கொண்டுபோய், "இது நைஸு, மேல பறக்குறது. இது கொரகொரப்பு, அடியில விழுறது" என்று சொல்லிவிடுவார். இன்ஜினியர்களே கூப்பிட்டுக் கேட்பார்களாம்.

அந்த மனிதருக்குத்தான் சாம்பல் தெரியவில்லை.

பழம் மாசியில் முற்றியது. விபூதிப் புதனுக்கு முந்தின நாள் பறித்தார். பாத்தி நாற்றத்தை மீறிப் பந்தலில் இருபது முப்பது குலைகள். கறுப்பாகத் தொங்கின என்று எழுத ஆசைதான். கறுப்பு உள்ளே எங்கோ இருந்தது. வெளியே எல்லாப் பழத்துக்கும் மேல் சாம்பல் வெள்ளையில் ஒரு பூச்சு. ராயபுரத்துப் பாய் கடையிலிருந்து வாங்கிவந்த பெரிய பீங்கான் ஜாடி சுத்தமாகத் துடைத்து வாசலில் இருந்தது. மூடியைத் திறந்தால் யாரோ முன்பு போட்ட மாங்காய் ஊறுகாயின் பேய் வெளியே வந்தது. பழத்தைப் பிசையக் குழந்தையின் சுத்தமான கை வேண்டும் என்று பெரியப்பா என்னை உட்கார வைத்திருந்தார்.

"கழுவலையா பெரியப்பா?"

"கழுவுனா செத்துப்போயிடும் பாப்பா. மேல வெள்ளையா மாவு இருக்குது பாரு, அதுலதான் உசுரே. அதுதான் பொங்க வைக்கும். பர்மாவுல எங்க சாமியார் ஒரு பழத்துக்குக்கூடத் தண்ணி காட்ட விடமாட்டாரு."

அவர் சொன்னது சாஸ்திரப்படி சரி. பிற்காலத்தில் நான் இதற்காகவே புத்தகங்கள் தேடிப் படித்தேன். திராட்சைத் தோலின் மேல் இயற்கையாக ஒரு வெண்பூச்சு படியும், பழத்தைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தோலோடு ஒட்டியிருக்கும், அதனால் கழுவமாட்டார்கள். விளைந்த மண்ணின் குணம் மதுவில் இறங்கும் என்றும் படித்தேன். மண் எவ்வளவு, கம்பெனி எவ்வளவு என்று பிரித்து யாரும் எழுதவில்லை.

நான் ஒரு பழத்தின் மேல் விரலை ஓட்டினேன். பிறகு ஓர் இலையின் மேல். பிறகு சுவரின் மேல். மூன்று முறையும் விரல் நுனி ஒரே நிறத்தில் வந்தது.

"இலையிலயும் மாவு இருக்குது பெரியப்பா."

"இருக்கும்."

"சுவத்துலயும் இருக்குது."

"அது வேற."

"உங்க காதுலயும் இருக்குது."

பெரியப்பாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு பழத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அந்த இரண்டு விரல்களும் ஒரு பழத்தைத் தேய்த்துப் பார்த்திருக்கும் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அதற்குள் உள்ளேயிருந்து அம்மா சிரித்தாள். பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு.

"புள்ளைக்குத் தெரியுது" என்றாள். முதல்முறையாக என் வழியாக இல்லாமல் நேரே.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்குப்பிறகு அவரால் தேய்த்துப் பார்க்க முடியாது. "பிசை" என்றார். பிசைந்தேன். விரலிடுக்கில் தோல் வழுக்கியது, விதை உருண்டது. இரண்டுக்கும் நடுவே பல்பொடி போல ஏதோ நறநறத்தது. ஜாடியின் வாயைத் துணியால் கட்டினார். மறுநாள் கோவிலில் வரிசையில் நிற்க வைத்து எல்லாருக்கும் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். எண்ணூர்க்காரர்களுக்கு அது கொசுறு.

தவக்காலம் நாற்பது நாளும் ஜாடி சமையலறை மூலையில் இருந்தது. நாங்கள் கறி தின்னாமல் இருந்தோம், ஜாடி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. முதல் வாரம் இனிப்பாக ஒரு வாடை. இரண்டாம் வாரம் ஈரத் துணி. மூன்றாம் வாரம் என்ன வாடை என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அம்மா குழம்பு கொதிக்கும்போது முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டாள். கட்டிய துணியின் மேல் சின்னஞ்சிறு ஈக்கள் ஒட்டிக்கிடந்தன. பெரியப்பா ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து, குளித்து, ஜாடியில் காதை வைத்துக் கேட்பார். "பொங்குது" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானம் திறந்தார். தோய்த்துக் காயவைத்த புது வேட்டி ஒன்றை நாலாக மடித்து, அம்மா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடிக்க, ஜாடியைச் சாய்த்தார். கீழே அண்டாவில் இறங்கியது சிவப்பு இல்லை. சிலேட்டு கழுவிய தண்ணீரில் இரண்டு சொட்டு சிவப்பு மை விட்டால் வருமே, அந்த நிறம். வேட்டியில் தோலும் விதையும் தங்கின. அவற்றை வழித்துப் போட்டதும் துணியின் நடுவில் வட்டமாக, வழவழப்பாக, ஈரச் சேறு.

பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்த்தன. கை தானாகக் காதருகே போயிற்று.

நானும் அம்மாவும் வேட்டியைப் பிடித்தபடி நின்றோம். நைஸா, கொரகொரப்பா என்று அவர் சொல்லவில்லை. அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. அவள் சிரித்திருக்கவேண்டிய நேரம் இதுதான்.

"வண்டல்" என்றார் பெரியப்பா. "ஒயின்னா வண்டல் இருக்கத்தான் செய்யும்."

வேட்டியை அவரே துவைத்துத் துணிக்கொடியில் போட்டார். நடுவில் வட்டம் போகவில்லை.

முதல் பூசை ஞாயிறன்று எனக்கு ரோஸ் நிறத்தில் கவுன். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் சாமியாராகிறான் என்று வரிசை முழுவதும் கோவிலில். அதுவரை எங்களை "பர்மாக்காரங்க" என்று ஒரு முறுக்கலோடு சொன்னவர்கள்கூட அன்று முன் பெஞ்சை விட்டுக்கொடுத்தார்கள். கோவிலுக்குப் பின்னால் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த பாய் பிரியாணித் தேக்சாவின் மூடிமேல் நெருப்பை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு பழைய டானிக் சீசாவில் ரசத்தை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"அண்ணன்கிட்ட குடு. ஆட்டாம எடுத்துட்டுப் போ பாப்பா."

ஆட்டாமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் எந்தக் குழந்தை நடக்கும்? ஓடினேன்.

பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் அண்ணன் தனியாக நின்றிருந்தார். ஒல்லி, பெரிய கண்ணாடி. புது அங்கியில் மடிப்புக் கலையவில்லை. சீசாவை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளே சாம்பல் சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணா, அது கம்பெனி சாம்பல். பழத்தைக் கழுவவே இல்ல. நான்தான் பிசைஞ்சேன்."

அண்ணன் சீசாவையே பார்த்தார். பக்கத்து அலமாரியில் கோவிலின் சொந்த ரசம், சுத்தமான பாட்டிலில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதையும் பார்த்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியும். இரண்டு விரலால் தேய்த்துக் காதில் வைத்துக் கேட்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பாவின் மேல் இருந்த அன்பினால் சொல்லவில்லை என்று எழுதினால் உங்களில் சிலர் கண் கலங்குவீர்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் பிரியாணி ஆறும். ரோஸ் கவுனை யாரும் பார்க்கமாட்டார்கள்.

"தெரியாது" என்றேன்.

"சரி" என்றார் அண்ணன். அலமாரியைச் சாத்தினார்.

பூசையில் அவர் பாத்திரத்தை உயர்த்தியபோது மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள், நான் குனியவில்லை. குடித்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. ஒரு மிடறு மீதி வைக்கவில்லை. பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்து, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தார். துணியைச் சட்டென்று மடித்து அடியில் வைத்தார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு, கன்னம் மெல்ல உப்பி அடங்க, நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் துழாவினார். அதன்பிறகுதான் அவரால் "செபிப்போமாக" என்று சொல்ல முடிந்தது.

முன் பெஞ்சில் பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். ஊரே ஆனந்தக் கண்ணீர் என்றது.

முடிந்ததும் புதுச் சாமியாரின் உள்ளங்கையை முத்தமிட வரிசை நின்றது. முதலில் பெரியப்பா. அப்பா மகனுக்கு முன்னால் முழங்காலிடுவதைப் பார்க்கக் கூட்டம் முண்டியது.

வீட்டில், மிச்சமிருந்த ரசத்தைச் சின்ன டம்ளர்களில் ஊற்றினார்கள். பங்குச் சாமியார் உதட்டில் வைத்துவிட்டு அவசர வேலை என்று கிளம்பினார். மீன்கார அக்கா ஒரே மடக்காகக் குடித்தாள். குடித்த வேகத்தில் வாசலுக்குப் போய்த் துப்பினாள்.

"த்தூ! இன்னா பெரியவரே, ஒயினு ஊத்துனியா, சிமிட்டி கரைச்சு ஊத்துனியா? பல்லு கூசுதுபா!"

"நல்லாத்தானே இருக்குது" என்றார்கள் பெரியப்பாவும் அண்ணனும். ஒரே நேரத்தில், ஒரே குரலில். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு வேறு திசைகளைப் பார்த்தார்கள்.

அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்க வாயில நாக்கு கீதா, செருப்புத் தோலு கீதா?" என்று கேட்டுவிட்டு, பிரியாணியால் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்று திராட்சையை இரண்டு கழுவலோடு விட்டிருப்பேன். முடியவில்லை. அடுத்த வருடம் மாசியில் பெரியப்பா மறுபடியும் பழம் பறித்தார். கழுவவில்லை. கழுவினால் போன வருடம் கழுவியிருக்கவேண்டும் என்று ஆகிவிடும். அண்ணன் எந்த ஊர்ப் பங்கில் இருந்தாலும், ஈஸ்டருக்கு ஒரு பாட்டில் யார் கையிலாவது போகும். "உங்கள் ரசம் கிடைத்தது, பூசைக்குப் பயன்பட்டது" என்று ஒரு கார்டு வரும். பெரியப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பாவம், தெரியாமல் அனுப்புகிறார் என்று மகன் குடித்தார். பாவம், தெரியாமல் குடிக்கிறான் என்று அப்பா அனுப்பினார். எனக்குத் தெரிந்த கணக்கு இது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பழகிய நான், ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் சொல்லலாம் என்று இருந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் போனபிறகும் பாட்டில் போய்க்கொண்டுதான் இருந்தது.

பெரியப்பா இருமி இருமிச் செத்தார். கடைசியில் அவர் கிண்ணத்தில் துப்பியதை நான் பார்த்தேன், நிறம் சொல்லமாட்டேன். அவருக்குப்பின் பாத்தியில் மீன் கழிவு கொட்ட ஆளில்லை. மறு வருடம் கொடி காய்ந்தது. அம்மா அதை விறகாக்கி வெந்நீர் போட்டாள். "என் மெஷினு நல்லா எரியுது" என்றாள், சந்தோஷமும் இல்லாமல் துக்கமும் இல்லாமல்.

அண்ணன் இப்போது வயதான சாமியார்கள் தங்கும் ஒரு இல்லத்தில் இருக்கிறார், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை எட்டும் தூரத்தில். இந்தக் குடும்பத்துக்கு நல்ல காற்று எழுதி வைக்கவில்லை. போன மாதம் பார்க்கப் போனேன். ஜன்னலைச் சாத்தியும் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் உள்ளே வந்து நாற்காலி கேட்டது. பழம், பிஸ்கட், முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்தபிறகு சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பெரியப்பாவுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியும்ங்கறது. ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டேன்ல. வடிகட்டுன வேட்டி அப்பவும் துணிக்கொடியிலதான் தொங்குச்சு, நடுவுல சாம்பல் வட்டத்தோட. சாம்பலைத் தொட்டே சொல்லுறவருக்கா தெரியாது?"

"அப்புறம் ஏன் என்னைக் கேட்டீங்க?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "நீ தெரியாதுன்னுதான் சொல்லுவேன்னு தெரியும் பாப்பா. சின்னப் புள்ள சொன்னா நம்பலாம்ல. தெரிஞ்சே குடுக்குறாருன்னா நான் எப்படிக் குடிக்கிறது?"

ஐம்பது வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்த பொய், என்னிடம் கேட்டு வாங்கப்பட்ட பொய். கோபம் வந்ததா என்றால், முதலில் ஒரு வாடைதான் வந்தது. பழைய சமையலறை மூலையின் அதே வாடை.

அண்ணன் அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். பெரியப்பா கடைசியாக அனுப்பியதாம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டியாக, சிமெண்டு போட்டதுபோலச் சாம்பல் படிந்திருந்தது. அதற்கு மேலே கண்ணாடி மாதிரி தெளிவு. பழுத்த மாதுளையின் நிறம். ஜன்னல் வெளிச்சம் அதற்குள் போய் வெளியே வந்தது. அந்தக் கொடியில் இப்படி ஒரு நிறம் இருந்தது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எப்படித் தெளிஞ்சிருக்குது பாத்தியா? ஒவ்வொரு ஊரு மாறும்போதும் மடியிலயே வெச்சு எடுத்துட்டு வந்தேன், ஆட்டாம. உன்கூடக் குடிக்கணும்னு இருந்தேன்." இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேசையில் வைத்தார். "மெதுவா ஊத்து. ஆட்டிடாத."

பாட்டிலை வாங்கினேன். கழுத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்து கடைசிக் கட்டி கரைந்து எழும்வரை குலுக்கினேன். பிறகு இரண்டு டம்ளரிலும் சமமாக ஊற்றினேன். சிலேட்டு கழுவிய தண்ணீரின் நிறம்.

அண்ணன் தன் டம்ளரை எடுத்தார். ஒரு மிடறு மீதி வைக்காமல் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, நாக்கால் பற்களைத் துழாவினார்.

நான் என் டம்ளரை எடுத்தேன்.